கலைத்ததைத் திருப்பித் தர முடியுமா?

1991 ஜனவரி 30 அன்று தமிழ்நாட்டில் ஓர் ஆட்சி கலைக்கப்பட்டது. சட்டமன்றத்தில் அந்த ஆட்சிக்கு அறுதிப் பெரும்பான்மை இருந்தது. தேர்தலில் ஜெயித்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா கலைப்புக்கு அறிக்கை தர மறுத்துவிட்டார். டெல்லியில் இருந்த சந்திரசேகர் அரசுக்கோ சொந்தமாக அறுபத்துச் சொச்சம் எம்.பி.க்கள்தான். ராஜீவ் காந்தியின் காங்கிரஸ் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவில் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரசு பரிந்துரைத்தது, குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கையெழுத்துப் போட்டார், கருணாநிதி அரசு போய்விட்டது.

நான் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஒரு கட்சிக்காரர் இருந்தார், தெருவுக்கே அவர் மாமா. 1976-இல் மிசா என்ற தடுப்புக் காவல் சட்டத்தில் உள்ளே போய் வந்தவர். மறுநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தார். "ஏன் மாமா, இதுக்கு கோர்ட்டுக்குப் போக முடியாதா?" என்று கேட்டேன். "போகலாம்டா. தப்புன்னு தீர்ப்புகூட வரும். கலைச்சதை எவன்டா திருப்பிக் குடுப்பான்?" என்றார்.

அப்புறம் அரசமைப்புச் சட்டத்தைப் பற்றி எதைப் படித்தாலும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் படித்திருக்கிறேன். அதிகாரத்தைப் பிரித்துக் கொடுப்பது, வரம்பு கட்டுவது, ஒன்றை ஒன்று கண்காணிக்க வைப்பது என்றெல்லாம் பாடப்புத்தகத்தில் நிறைய இருக்கிறது. எல்லாம் சரி. வரம்பை ஒருவர் மீறிவிட்டால் அதை ரத்து செய்து பழைய நிலைக்குக் கொண்டுவர ஒரு வழி இருக்கிறதா, காலம் கடப்பதற்குள் அந்த வழி திறக்குமா என்பதில்தான் அந்த வரம்பின் உயிர் இருக்கிறது என்று நினைக்கிறேன். இந்தியாவில் இதைப் புரிந்துகொள்ள, மாநில ஆட்சியை நீக்கிக் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர வழிசெய்யும் 356-வது பிரிவைவிட நல்ல இடம் இல்லை.

இந்தப் பிரிவின் வேர் வெள்ளைக்காரன் காலத்தில் இருக்கிறது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் 93-வது பிரிவு என்று ஒன்று இருந்தது. மாகாண நிர்வாகம் சட்டப்படி நடக்க முடியாது என்று ஆளுநர் கருதினால் எல்லா அதிகாரத்தையும் தானே எடுத்துக்கொள்ளலாம். 1939 அக்டோபரில், இந்தியர்களைக் கேட்காமலேயே இந்தியாவைப் போரில் இறக்கியதை எதிர்த்துக் காங்கிரஸ் மந்திரிசபைகள் ராஜினாமா செய்தன. சென்னையில் ராஜாஜியும் விலகினார். அதிலிருந்து 1946-இல் பிரகாசம் மந்திரிசபை வரும்வரை ஆறு வருடத்துக்கு மேல் சென்னை மாகாணத்தை ஆளுநர்தான் ஆண்டார். அதை நேரில் அனுபவித்த தலைவர்கள்தான் அடுத்த சில வருடங்களில் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து அதே சாவியைப் புதிய வீட்டுக்கும் எடுத்து வந்தார்கள். பிரிவினையின் ரத்தம் காயவில்லை, தெலங்கானாவில் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது, நாடு உடைந்துவிடும் என்ற பயம் நிஜமாகவே இருந்தது. அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் அப்போதே எச்சரித்தவர்களும் இருந்தார்கள். ஆளுநரின் அறிக்கையின் பேரிலோ வேறு வகையிலோ குடியரசுத் தலைவர் திருப்தி அடைந்தால் போதும் என்று வாசகம் இருந்தது. 'வேறு வகையிலோ' என்பதை நீக்க வேண்டும் என்று சபை உறுப்பினர் எச்.வி. காமத் கடுமையாக வாதாடினார். நீக்கவில்லை. நாற்பத்திரண்டு வருடம் கழித்து, பர்னாலா அறிக்கை தராதபோது, தமிழ்நாட்டு ஆட்சி கலைந்தது அந்த வாசகத்தை வைத்துத்தான். 1949 ஆகஸ்டில் அம்பேத்கர் சபையில் பதில் சொன்னபோது, இந்தப் பிரிவு தவறாகப் பயன்படுத்தப்படலாம் என்பதை மறுக்கவில்லை. இதைப் பயன்படுத்தவே நேராமல் செத்த எழுத்தாகக் கிடக்கும் என்று நம்புவதாகச் சொன்னார். அப்படியே தேவைப்பட்டாலும் முதலில் மாகாணத்துக்கு எச்சரிக்கை கொடுப்பார்கள், அதற்கும் கேட்காவிட்டால் தேர்தல் நடத்துவார்கள், இரண்டும் பலிக்காவிட்டால்தான் இது என்றார். அம்பேத்கரின் மேல் எனக்குள்ள மரியாதைக்கு அளவில்லை. ஆனாலும் அவர் சொன்ன எச்சரிக்கையும் தேர்தலும் பிரிவுக்குள் ஒரு வரியாகக்கூட எழுதப்படவில்லை. எழுதப்படாததை யாரும் பின்பற்றவும் இல்லை.

செத்த எழுத்து நூறு தடவைக்கு மேல் உயிர்பெற்று எழுந்தது. 1951-லேயே பஞ்சாபில் தொடங்கிவிட்டார்கள். 1959 ஜூலை 31 அன்று கேரளத்தில் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசைக் கலைத்தார்கள். கல்வி மசோதாவையும் நிலச் சீர்திருத்தத்தையும் எதிர்த்து 'விமோசன சமரம்' என்ற பெரிய கிளர்ச்சி நடந்தது உண்மை. ஆனால் சபையில் பெரும்பான்மை அசையாமல் இருந்தது. அதுவரை பெரும்பாலும் மந்திரிசபை அமைக்க ஆள் இல்லாத இடத்தில் பயன்பட்ட பிரிவு, அன்றிலிருந்து பெரும்பான்மை உள்ள அரசையும் வீட்டுக்கு அனுப்பும் பிரிவாயிற்று.

தமிழ்நாட்டுக்கு 1976 ஜனவரி 31 வந்தது. நெருக்கடி நிலைக் காலம். 1971-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட சபையின் ஆயுள் முடியச் சில வாரங்களே இருந்தன. அதுவரைகூடப் பொறுக்கவில்லை. ஆட்சி போன கையோடு கைதுகள் தொடங்கின. அன்று மாமாவைத் தேடி வந்தவர்கள் வாசலில் செருப்பைக்கூடப் போட விடவில்லை என்று அத்தை சொல்வார். மாநில அரசு என்ற ஒன்று குறுக்கே நின்றவரை அந்தக் கை இங்கே நீளவில்லை. அதிகாரத்தைப் பிரித்து வைப்பதால் என்ன பயன் என்று யாராவது கேட்டால் நான் இந்த ஒரு வாரத்தைத்தான் சொல்வேன்.

நீதிமன்றத்துக்குப் போகலாமா? அந்தக் கதவையும் முன்னதாகவே அடைத்திருந்தார்கள். 1975-இல் வந்த 38-வது திருத்தம், குடியரசுத் தலைவரின் திருப்தியே இறுதியானது, எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது என்றது. ஜனதா ஆட்சியில் வந்த 44-வது திருத்தம் அதை எடுத்தது. கூடவே, ஒரு வருடத்துக்கு மேல் இந்த ஆட்சியை நீட்டிக்கக் கடும் நிபந்தனைகளையும் போட்டது. மந்திரிசபை சொல்வதை ஒரு முறை திருப்பி அனுப்பி மறுபரிசீலனை கேட்கும் உரிமையைக் குடியரசுத் தலைவருக்குக் கொடுத்ததும் அந்தத் திருத்தம்தான். நல்ல வேலை. ஆனால் அதே ஜனதா அரசு 1977-இல் பதவிக்கு வந்தவுடன் செய்த முதல் வேலைகளில் ஒன்று என்ன தெரியுமா? ஒன்பது மாநிலங்களில் இருந்த காங்கிரஸ் ஆட்சிகளைக் கலைத்தது. மக்களவைத் தேர்தலில் தோற்றுவிட்டீர்கள், மக்கள் உங்கள் பக்கம் இல்லை என்பது காரணம். உச்ச நீதிமன்றமும் தடுக்க மறுத்துவிட்டது. 1980-இல் இந்திரா காந்தி திரும்பி வந்து, அதே காரணத்தைச் சொல்லி ஒன்பது மாநிலங்களைக் கலைத்தார். அதில் எம்.ஜி.ஆரின் அரசும் ஒன்று.

இந்த 1980 கலைப்பு முக்கியமானது. ஜனவரி மக்களவைத் தேர்தலில் காங்கிரஸ்-தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டை வாரிக்கொண்டது. அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தது இரண்டே இடம். மக்கள் உன் பக்கம் இல்லை என்று பிப்ரவரியில் கலைத்தார்கள். நான்கு மாதத்துக்குள் சட்டமன்றத் தேர்தல் வந்தது. அதே மக்கள் 129 இடங்களை அ.தி.மு.க.வுக்குக் கொடுத்து எம்.ஜி.ஆரைத் திரும்ப உட்கார வைத்தார்கள். டெல்லிக்கு ஓர் ஓட்டு, கோட்டைக்கு வேறோர் ஓட்டு என்று வித்தியாசம் பார்த்துப் போடத் தமிழ்நாட்டு வாக்காளருக்குத் தெரிந்திருந்தது. ஒரே ஆளைப் பிடித்து எல்லா அதிகாரத்தையும் கையில் கொடுக்க அவர்கள் விரும்பவில்லை. கூட்டாட்சியைப் பற்றி எழுதப்பட்ட எந்த வாதத்தையும்விட எனக்கு அந்தத் தேர்தல் முடிவு பெரிதாகத் தெரிகிறது.

ஆனால் 1976-இல் அடிபட்ட தி.மு.க., 1980-இல் எம்.ஜி.ஆர். அடிபட்டபோது அடித்தவர்களோடு கூட்டணியில் நின்றது. 1998-இல் வாஜ்பாய் அரசுக்கு ஆதரவு கொடுத்த அ.தி.மு.க., கருணாநிதி ஆட்சியைக் கலைக்கச் சொல்லி மாதக்கணக்கில் நெருக்கியது. எம்.ஜி.ஆருக்கு நடந்ததை அந்தக் கட்சி மறந்திருக்க நியாயமில்லை. எந்தக் கட்சியின் மேலும் எனக்குத் தனிக் கோபம் கிடையாது. ஒரு கத்தி மேசையில் கிடந்தால் எடுக்காமல் இருக்கும் கட்சி என்று ஒன்றை நான் பார்த்ததில்லை. 1969-இல் தி.மு.க. அரசு அமைத்த ராஜமன்னார் குழு, 1971-இல் தந்த அறிக்கையில், இந்தப் பிரிவையே நீக்கிவிடச் சொன்னது. கத்தியை மேசையில் இருந்தே எடுத்துவிடும் யோசனை. டெல்லி அதைக் கண்டுகொள்ளவில்லை.

பர்னாலா விஷயத்துக்கு வருகிறேன். அவர் ஏன் மறுத்தார் என்பதற்கு அவருடைய வாழ்க்கையிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது. அவர் பஞ்சாபின் முதலமைச்சராக இருந்தவர். 1987-இல் அவருடைய ஆட்சியையே இதே 356-ஐ வைத்துக் கலைத்தார்கள். அடிவாங்கிய மனிதர், அடிக்கும் இடத்தில் உட்கார்ந்தபோது கையை ஓங்கவில்லை. தி.மு.க. ஆட்சி விடுதலைப் புலிகளுக்கு இடம் கொடுக்கிறது என்ற மத்திய அரசின் புகாரில் விஷயம் எதுவுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1990 ஜூனில் சென்னையிலேயே, புலிகளுக்கு எதிரான ஈழ இயக்கமான ஈ.பி.ஆர்.எல்.எஃப்.பின் தலைவர் பத்மநாபாவும் தோழர்களும் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். புலிகளின் நடமாட்டம் பற்றிய கவலை கற்பனை இல்லை. ஆனால் அதற்கு ஆட்சியைக் கலைப்பது மருந்தா? கலைத்த பிறகு மாநிலம் நேரடியாக மத்திய அரசின் கையில்தான் இருந்தது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டது அந்த நிர்வாகத்தின் கீழ்தான். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள். அவர் போகாமல் பதவி விலகினார். நல்ல மனிதர் ஒருவர் இடத்தில் இருந்தும் ஆட்சி போயிற்று என்பதுதான் இதில் எனக்கு உறுத்துவது. மனிதர்களின் நேர்மை தேவை, ஆனால் அதைத் தாண்டிப் போக ஒரு வழி பிரிவிலேயே இருந்தது.

இப்போது பொம்மை வழக்கு. கர்நாடகத்தின் ஜனதா தளம் முதலமைச்சர் எஸ்.ஆர். பொம்மை. 1989 ஏப்ரலில் கட்சி மாறிய ஓர் எம்.எல்.ஏ., பத்தொன்பது பேர் ஆதரவை வாபஸ் வாங்கிய கடிதங்களோடு ஆளுநர் வெங்கடசுப்பையாவிடம் போனார். ஆளுநர் உடனே டெல்லிக்கு எழுதினார். மறுநாள் அந்தப் பத்தொன்பதில் ஏழு பேர், எங்களிடம் தவறாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள், நாங்கள் பொம்மையோடுதான் இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தார்கள். சபையைக் கூட்டுகிறேன், அங்கே எண்ணிக்கொள்ளலாம் என்றார் பொம்மை. அந்த மாதம் 27-ஆம் தேதி சபை கூட இருந்தது. முன்னாலேயே கூட்டவும் அவர் தயார். ஆளுநர் ஏற்கவில்லை. 21-ஆம் தேதி ஆட்சி கலைந்தது. ஆறு நாள் பொறுத்திருந்தால் எம்.எல்.ஏ.க்களே எழுந்து நின்று கணக்கைச் சொல்லியிருப்பார்கள்.

பொம்மை கர்நாடக உயர் நீதிமன்றத்தில் தோற்று உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். ஒன்பது நீதிபதிகள் கேட்டார்கள். அமர்வில் மூத்தவர் திருநெல்வேலி மாவட்டத்துக்காரரான எஸ். ரத்தினவேல் பாண்டியன். 1994 மார்ச் 11 அன்று தீர்ப்பு. வக்கீல் நண்பர் ஒருவர் கொடுத்துப் படித்தேன். ஒன்பது பேரும் சேர்ந்து ஆறு தனித்தனித் தீர்ப்புகள் எழுதியிருக்கிறார்கள், யார் யாரோடு எதில் ஒத்துப்போகிறார்கள் என்று கண்டுபிடிப்பதற்குள் தலை சுற்றிவிடும். ஆனால் நடுவில் கிடைப்பது தெளிவாக இருக்கிறது. பெரும்பான்மை உண்டா இல்லையா என்பதை ஆளுநர் மாளிகையான ராஜ்பவனில் தீர்மானிக்கக் கூடாது, சபையில்தான் எண்ண வேண்டும். குடியரசுத் தலைவரின் பிரகடனத்தை நீதிமன்றம் ஆராயலாம், எந்த ஆதாரத்தை வைத்து முடிவெடுத்தீர்கள், கொண்டுவாருங்கள் என்று கேட்கலாம். நாடாளுமன்றத்தின் இரண்டு அவைகளும் ஒப்புக்கொள்ளும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது, முடக்கி வைக்க மட்டுமே முடியும். பிரகடனம் செல்லாது என்று ஆனால், கலைந்த சபைக்கும் அரசுக்கும் நீதிமன்றம் மறுபடி உயிர் கொடுக்கலாம், தேவைப்பட்டால் இடையில் புதுத் தேர்தலை நிறுத்தியும் வைக்கலாம்.

கடைசி இரண்டும்தான் டீக்கடையில் மாமா கேட்டதற்கான பதில். பொம்மைக்கே அது உதவவில்லை என்பது வேறு. அவர் ஜெயித்தபோது ஐந்து வருடம் ஓடிவிட்டது, தேர்தல் நடந்து வேறு ஆட்சி வந்துவிட்டது. கர்நாடகம், மேகாலயா, நாகாலாந்து மூன்றிலும் கலைத்தது தவறு என்று நீதிமன்றம் எழுதியது, ஆனால் யாருக்கும் நாற்காலி திரும்பக் கிடைக்கவில்லை. பாபர் மசூதி இடிக்கப்பட்ட பிறகு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், இமாச்சலத்தில் பா.ஜ.க. ஆட்சிகளைக் கலைத்ததைச் சரி என்றார்கள். மதச்சார்பின்மைக்கு எதிராக நடக்கும் அரசு சட்டப்படி நடக்கும் அரசு ஆகாது என்ற கொள்கையில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் மூன்று மாநிலங்களிலும் தனித்தனியாக என்ன நடந்தது என்பதை இன்னும் கறாராகச் சோதித்திருக்கலாம் என்று படிக்கும்போது தோன்றியது.

தீர்ப்புக்குப் பிறகு நடந்ததுதான் பார்க்க வேண்டியது. 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் அரசைக் கலைக்க குஜ்ரால் அமைச்சரவை பரிந்துரைத்தது. சபையில் அவர் அப்போதுதான் பெரும்பான்மையைக் காட்டியிருந்தார். குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் கோப்பைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை விட்டுவிட்டது. 1991-இல் வெங்கட்ராமனுக்கும் இதே உரிமை இருந்தது என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1999 பிப்ரவரியில் பீகாரில் ராப்ரி தேவி அரசை நீக்கினார்கள். மக்களவை ஒப்புக்கொண்டது. மாநிலங்களவையில் வாஜ்பாய் அரசுக்கு ஆள்பலம் இல்லை. சபை கலைக்கப்படாமல் முடக்கத்தில்தான் இருந்தது. ஆகவே மார்ச்சில் பிரகடனத்தை வாபஸ் வாங்கினார்கள், ராப்ரி தேவி மறுபடி வந்து உட்கார்ந்தார். பொம்மை தீர்ப்பு மட்டும் இல்லாவிட்டால் முதல் நாளே சபையைக் கலைத்திருப்பார்கள், அப்புறம் மாநிலங்களவை என்ன சொல்லி என்ன? தமிழ்நாட்டு ஆட்சியைக் கலைக்கச் சொன்ன நெருக்கடிக்கு வாஜ்பாய் இணங்காமல் போனதற்கும் இந்தக் கணக்கு ஒரு காரணமாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். அ.தி.மு.க.வின் ஆதரவு போயிற்று, 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது. தமிழ்நாட்டுச் சபை பிழைத்தது. 1991-க்குப் பிறகு இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வரவே இல்லை.

வேகம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பீகாரும் உத்தராகண்டும் எதிரெதிர் சாட்சிகள். 2005-இல் பீகார் சட்டமன்றத்தை நள்ளிரவு அவசரத்தில் கலைத்தார்கள். மாஸ்கோவில் இருந்த அப்துல் கலாமிடம் ஒப்புதல் வாங்கினார்கள். கலைத்தது செல்லாது என்று அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் தேர்தல் ஏற்பாடு வெகுதூரம் போய்விட்டதால் பழைய சபையை மீட்கவில்லை. மாமா சொன்ன மாதிரியே ஆயிற்று. 2016-இல் உத்தராகண்டில் ஒன்பது காங்கிரஸ் எம்.எல்.ஏ.க்கள் முரண்டுபிடித்தார்கள். மார்ச் 28 அன்று பெரும்பான்மையை நிரூபிக்கச் சொல்லி முதலமைச்சர் ஹரீஷ் ராவத்துக்கு ஆளுநர் நாள் குறித்திருந்தார். அதற்கு முதல் நாள், 27-ஆம் தேதி, ஆட்சியை எடுத்துவிட்டார்கள். ஏப்ரல் 21 அன்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை போட்டது. பிறகு உச்ச நீதிமன்றமே, மே 10 காலையில் ஓரிரு மணி நேரத்துக்குக் குடியரசுத் தலைவர் ஆட்சியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சபையில் வாக்கெடுப்பு நடத்தச் சொன்னது. முடிவு மூடி முத்திரையிட்ட உறையில் நீதிபதிகளிடம் போனது. ராவத்துக்கு 33, எதிராக 28. மறுநாள் அரசு திரும்பக் கிடைத்தது. அந்த ஜூலையில் அருணாசலப் பிரதேசத்தில் நபம் துகி அரசையும் உச்ச நீதிமன்றம் மீட்டது. அங்கே அவர் சில நாட்களில் விலக வேண்டி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சபைக்குள் ஆள் குறைந்துபோனால் நீதிமன்றம் ஒன்றும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது.

மாமா 2016-இல் உயிரோடு இல்லை.

இதையெல்லாம் டெல்லியைக் குற்றம் சொல்வதற்காக மட்டும் எழுதவில்லை. மாநில அரசுகளும் தங்களுக்குக் கீழே இதையேதான் செய்கின்றன. 73-வது திருத்தம் வந்த பிறகு ஊராட்சிக்கு ஐந்து வருட ஆயுள் அரசமைப்புச் சட்டத்திலேயே இருக்கிறது. காலம் முடிவதற்குள் தேர்தல் நடந்தாக வேண்டும், இடையில் கலைத்தால் ஆறு மாதத்துக்குள் நடத்த வேண்டும். தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் காலம் முடிந்தது. இட ஒதுக்கீடு குறித்த வழக்கில் தேர்தல் அறிவிப்பு ரத்தானது. அப்புறம் ஒரு காரணம் மாற்றி ஒரு காரணம். பெரும்பாலான மாவட்டங்களில் ஊராட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. நகராட்சிக்கும் மாநகராட்சிக்கும் 2022 பிப்ரவரி வரை இல்லை. முழுதாக ஓர் ஐந்தாண்டு காலமே காணாமல் போயிற்று.

அந்த வருடங்களில் எங்கள் ஊராட்சியில் குடிநீர் மோட்டார் எரிந்துபோனது. முன்பெல்லாம் தலைவர் வீட்டு வாசலில் போய் நாலு பெண்கள் குரல் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் மோட்டாரைக் கழற்றி வைண்டிங்குக்கு அனுப்புவார். இப்போது தலைவர் இல்லை. ஊராட்சிச் செயலரிடம் கேட்டால், "நான் என்னக்கா பண்றது, தனி அலுவலர் கையெழுத்துப் போடணும்" என்றார். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்துக்கு அரசு நியமித்த அந்தத் தனி அலுவலரோ ஒன்றியம் முழுக்க ஏகப்பட்ட ஊராட்சிகளைக் கையில் வைத்திருந்தார். கடைசியில் குடங்களை வரிசையாக ரோட்டில் வைத்துப் பெண்கள் மறியலில் உட்கார்ந்த பிறகுதான் ஜீப் வந்தது. அந்த அலுவலரின் மேல் எனக்குக் குறை இல்லை. எங்கள் ஓட்டு அவருக்குத் தேவையில்லை, அவ்வளவுதான். ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் இருப்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஓர் அதிகாரி வீட்டுக்கு அனுப்பலாம் என்பது, பெரும்பான்மை உள்ள முதலமைச்சரை ஆளுநர் அனுப்புவது போலத்தானே? மாநில சுயாட்சி பேசும் கட்சிகள் இந்த இடத்தில் மட்டும் மௌனமாகிவிடுகின்றன. 2025 ஜனவரியில் அந்த ஊராட்சிகளின் காலம் முடிந்தது, மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். ஆட்சியில் இருந்தது வேறு கட்சி.

356-இல் கதவை ஓரளவு அடைத்தாயிற்று. அதிகாரம் வேறு வாசல் தேடும். இப்போது அது தேடிக் கண்டுபிடித்திருப்பது 200-வது பிரிவை. சட்டமன்றம் நிறைவேற்றும் மசோதா ஆளுநரின் ஒப்புதலுக்குப் போகும் இடம் அது. கலைக்கத் தேவையில்லை, மசோதாவைக் கிடப்பில் போட்டாலே போதும், ஆட்சி இருந்தும் இல்லாத மாதிரிதான். 2020-இலிருந்து தமிழ்நாடு அனுப்பிய மசோதாக்களில் பத்தை, வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு 2023 நவம்பரில் ஆளுநர் ஒப்புதல் இல்லை என்று திருப்பினார். பெரும்பாலும் பல்கலைக்கழகத் துணைவேந்தரை யார் நியமிப்பது என்ற மசோதாக்கள். சட்டமன்றம் சிறப்புக் கூட்டம் போட்டு 18-ஆம் தேதியே அவற்றை மறுபடி நிறைவேற்றி அனுப்பியது. ஆளுநர் அவற்றைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். இதற்கு நடுவில் பல பல்கலைக்கழகங்கள் துணைவேந்தர் இல்லாமலேயே ஓடின.

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதி அமர்வு, அந்தப் பத்து மசோதாக்களுக்கும் ஒப்புதல் கிடைத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்றது, ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடுவும் விதித்தது. நான் அன்று ரொம்ப சந்தோஷப்பட்டேன். அதன் மேல் குடியரசுத் தலைவர் பதினான்கு கேள்விகளை நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வதும் கூடாது. ஆனால் ஆளுநர் மசோதாவைச் சும்மா வைத்துக்கொண்டு உட்காரவும் முடியாது. காரணம் சொல்லாமல் நீண்ட காலம் இழுத்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம்.

பிரிவில் இல்லாத கெடுவை நீதிபதிகள் எழுதிச் சேர்க்கக் கூடாது என்ற வாதத்தின் நியாயம் எனக்குப் புரிகிறது. நீதிமன்றமும் ஓர் அதிகாரம்தான், அதற்கும் வரம்பு வேண்டும். ஆனால் நீண்ட காலம் என்றால் எவ்வளவு? ஒரு வருடமா, மூன்று வருடமா? ஒவ்வொரு மசோதாவுக்கும் மாநில அரசு தனித்தனியாக டெல்லி போய், இது நீண்ட காலம்தான் என்று நிரூபிக்க வேண்டும். அந்த வழக்கு நடக்கிற காலம் யார் கணக்கில்? சட்டமன்றத்துக்கு இருப்பதே ஐந்து வருடம்.

வழி ஏற்கெனவே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மத்திய-மாநில உறவுகளைப் பற்றி 2010-இல் அறிக்கை தந்த பூஞ்சி ஆணையம், மசோதாவின் மேல் ஆளுநர் ஆறு மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 200-வது பிரிவைத் திருத்தி அதைச் சேர்க்க நாடாளுமன்றத்தில் சிறப்புப் பெரும்பான்மை இருந்தால் போதும், மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல்கூட வேண்டாம். இத்தனை வருடத்தில் காங்கிரசும் ஆண்டது, பா.ஜ.க.வும் ஆள்கிறது, கூட்டணியில் தமிழ்நாட்டுக் கட்சிகளும் மந்திரி பதவியில் இருந்திருக்கின்றன. யாரும் கொண்டுவரவில்லை. அடுத்த மக்களவைத் தேர்தலுக்கு எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு யார் வந்தாலும் நான் இரண்டு கேள்வி வைத்திருக்கிறேன். இந்த ஆறு மாதத் திருத்தத்துக்கு நீங்கள் ஓட்டுப் போடுவீர்களா என்பது ஒன்று. உங்கள் கட்சி மாநிலத்தில் ஆளும்போது ஊராட்சித் தேர்தலை நாள் தவறாமல் நடத்துமா என்பது இன்னொன்று.